இரண்டு டயல், ஒரு வயிற்றெரிச்சல்

அது ஒரு சனிக்கிழமை காலை. மாக் மண்டின் தொழிற்பேட்டையில் எங்கள் பட்டறைக்குள் நுழைந்தேன். கையில் ரொட்டி சானாய் பொட்டலம். பருப்புக் கறிப் பை எங்கோ ஒழுகி, சட்டையில் மஞ்சள் கோடு போட்டிருந்தது.

மில்லிங் மெஷின் பக்கம் இரண்டு முதுகுகள் தெரிந்தன. ஒன்று பக்கத்துப் பட்டறை முதலாளி ஆ ஹோக்கினுடையது. இன்னொன்று எதிரே வெல்டிங் கடை வைத்திருக்கும் சவரிமுத்துவினுடையது. நான் தொண்டையைக் கனைத்தேன். இரண்டு முதுகும் திரும்பவில்லை.

எட்டிப் பார்த்தேன். என் மனைவி பூங்கொடி மெஷினுக்கு முன்னால் நின்றாள். கத்தி மாட்டுகிற இடத்தில் ஓர் அலுமினியப் பட்டையைத் தொங்கவிட்டிருந்தாள். பட்டையின் இரு முனையிலும் முள் வைத்து அளக்கிற டயல் கேஜ் ஒவ்வொன்று, தராசுத் தட்டு மாதிரி. பட்டையைக் கையால் மெல்ல அரை வட்டம் திருப்பினாள். இரண்டு முள்ளும் பூஜ்ஜியத்தை விட்டு அசையவில்லை. ஆ ஹோக் நாக்கைச் சப்புக் கொட்டினார்.

எனக்கு வயிறு எரிந்தது. பருப்புக் கறியின் சூடு என்று சொல்லித் தப்பித்துக்கொள்ளலாம்தான். ஆனால் அது ஆறி வெகு நேரம் ஆகியிருந்தது.

தலை பிடிக்கிறவன்

பத்திரிகையில் இந்தப் பக்கத்தில் நான் எழுதிய போன வாரக் கட்டுரையைப் படித்துவிட்டு ஈப்போவிலிருந்து ஒரு வாசகி எழுதியிருந்தார். உங்கள் பக்கத்தைத் தொட்டாலே கையில் எண்ணெய் ஒட்டுகிறது, கொஞ்சம் குடும்பக் கதையும் எழுதக் கூடாதா என்று கேட்டிருந்தார். அம்மா, இது குடும்பக் கதைதான். எண்ணெயைப் பொறுத்துக்கொள்ளுங்கள்.

மில்லிங் மெஷினுக்கு மேசை ஒன்று, தலை ஒன்று. மேசையில் இரும்பைக் கட்டி வைப்போம். தலையில் சுழலும் கத்தி அதைச் சீவும். தலை மேசைக்கு நேர் செங்குத்தாக நிற்க வேண்டும். முடி அளவு சாய்ந்தாலும் சீவிய இரும்பில் படி படியாக வரி விழும். எங்கள் மெஷின் தைவான்காரன், வயதானவன். பாரமான வேலை கொடுத்தால் மெல்லத் தலையைச் சாய்த்துக்கொள்வான். அதை மறுபடி நிமிர்த்துவதை எங்கள் வட்டாரத்தில் தலை பிடிப்பது என்போம்.

பழைய முறையில் அதற்கு ஒரே ஒரு டயல்தான். இடப்பக்கம் மேசையைத் தொட்டு முள் எங்கே நிற்கிறது என்று மனதில் வைத்துக்கொள்ள வேண்டும். பிறகு வலப்பக்கம் சுற்றிக் கொண்டுபோக வேண்டும். சுற்றியதும் டயலின் முகம் அந்தப் பக்கம் திரும்பிவிடும். கழுத்தை வளைத்து, மெஷினுக்குப் பின்னால் தலையை விட்டு, முள்ளைப் படிக்க வேண்டும். போல்ட்டைத் தளர்த்தி ஒரு தட்டு தட்டிவிட்டு மறுபடி முதலிலிருந்து. பாதிப் பேருக்குப் பொறுமை போய்விடும். மீதிப் பேருக்குக் கழுத்து போய்விடும்.

எனக்குப் பொறுமை இருந்தது. கழுத்தும் இருந்தது, அப்போது.

ஆகவே எங்கள் தெருவில் தலை பிடிக்க வேண்டுமென்றால் குமரன் அண்ணன்தான், அதாவது நான். பட்டறை வாசலில் வந்து நின்று கூப்பிடுவார்கள். கூப்பிட்டவுடன் எழுந்து ஓடுகிறவன் இல்லை நான். கோப்பியை முடித்து, கையைத் துடைத்து, கல்யாண வீட்டில் தாலி எடுத்துக் கொடுக்கப் போகிற பெரியவர் மாதிரி நடந்து போவேன். நான் முள்ளைப் படிக்கும்போது ரேடியோவைக்கூட அணைத்துவிடுவார்கள்.

எனக்கு வேறு பதவி கிடையாது. கோயில் கமிட்டியில் இல்லை. பள்ளிக்கூடப் பெற்றோர் சங்கத்தில் ஒரு தடவை நின்று தோற்றேன். இந்த உலகத்தில் நாலு பேர் வாசலில் வந்து என்னைக் கூப்பிடுவது இந்த ஒன்றுக்காகத்தான். அதைத்தான் அவள் ஓர் அலுமினியப் பட்டையில் கட்டித் தொங்கவிட்டிருந்தாள்.

பட்டையின் பூர்வீகம்

பூங்கொடி பாயான் லெப்பாசில் ஒரு தொழிற்சாலையில் பரிசோதனைப் பிரிவில் பல வருடம் இருந்தவள். மற்றவர்கள் செய்கிற உதிரிப் பாகங்களை டயல் வைத்து அளந்து, ஆகும், ஆகாது என்று பிரிக்கிற வேலை. அந்தப் பிரிவை மூடியதும் எங்கள் பட்டறைக்கு வந்தாள். போனை எடுக்க, வாடிக்கையாளர்களுக்கு விலை சொல்ல ஓர் ஆள் வேண்டியிருந்தது. ஒரு மேசையும் காற்றாடியும் கொடுத்தால் போதும் என்று நான் நினைத்தேன்.

தைப்பூசத்துக்கு முன்னால் எங்கள் பட்டறை காவடிப் பட்டறையாகிவிடும். வாலிபர்கள் அலுமினியம் வெட்டவும் வளைக்கவும் வந்து குவிவார்கள். ஒருவன் இடுப்பில் தாங்குவதற்கென்று கனமான பட்டை ஒன்று வெட்டச் சொன்னான். அவன் அம்மா வந்து தூக்கிப் பார்த்தார். இதைக் கட்டிக்கொண்டு மலை ஏறினால் நீ இறங்கி வரமாட்டாய் என்று சொல்லி, அங்கேயே போட்டுவிட்டு அவனை இழுத்துக்கொண்டு போய்விட்டார்.

அந்தப் பட்டையைப் பத்திரமாக எடுத்து வைத்தவன் நான். எடுத்துக்கொண்டவள் அவள். வருஷா வருஷம் தண்ணீர்மலைப் படியேறிப் பால்குடம் சுமக்கிறவன் நான். முருகன் தன் பட்டையை அவளுக்குக் கொடுத்துவிட்டான்.

நடுவில் குத்தி நிறுத்திய தண்டு, எங்கள் பழைய மோட்டார் சைக்கிளின் ஷாக் அப்சார்பரிலிருந்து கழற்றியது. டயல்களில் ஒன்றை லோரோங் கூலிட் பழைய சாமான் சந்தையில் பொறுக்கியிருக்கிறாள். மற்றொன்று என்னுடையது. கண்ணாடி உடைந்ததால் குப்பைத் தொட்டியில் நானே போட்டது. மண்ணெண்ணெயில் கழுவி, கைப்பேசித் திரைக்கு ஒட்டும் தாளை வட்டமாக வெட்டி ஒட்டியிருந்தாள். நான் கழித்துக் கட்டிய டயல் அவள் கைக்குப் போனதும் ஒழுங்காக வேலை செய்தது.

பட்டையை அரத்தால் ராவிக்கொண்டே அவள் ஏதோ பாட்டு முணுமுணுத்ததை அந்தச் சனிக்கிழமைக்கு முந்தைய வாரத்தில் நான் கேட்டிருந்தேன். போன் வராமல் பொழுது போகவில்லை போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.

அன்று காலை ஆ ஹோக்குக்கு அவள் விளக்கிக்கொண்டிருந்தாள். பட்டை கோணலாக இருந்தாலும் பரவாயில்லை, வளையாமல் இருந்தால் போதும். முதலில் மேசையில் ஒரே ஓர் இடத்தைக் குறித்துக்கொள்ள வேண்டும். ஒரு டயலை அங்கே தொட வைத்துப் பூஜ்ஜியம் ஆக்க வேண்டும். பட்டையை அரை வட்டம் திருப்பி, அதே இடத்தில் அடுத்த டயலையும் பூஜ்ஜியம் ஆக்க வேண்டும். அப்புறம் இரண்டும் ஒரே கண். இடமும் வலமும் ஒத்துப்போகாவிட்டால் குற்றம் மெஷினுடையது. கழுத்தை வளைக்க வேண்டியதே இல்லை, நின்ற இடத்தில் நின்றே சரிசெய்யலாம்.

நான் ரொட்டியைப் பிய்த்துக்கொண்டே கேட்டேன். கேட்காத மாதிரியும் இருந்தேன். இரண்டையும் ஒன்றாகச் செய்தால் பாதிதான் காதில் விழும்.

எஃகில் ஒன்று

அடுத்த வாரமே நானும் ஒன்று செய்தேன். அலுமினியம் மெத்தென்ற உலோகம், அளவுக் கருவிக்கு எஃகுதான் சரி என்று சவரிமுத்துவிடம் சொன்னேன். அவன் கேட்கவில்லை, இருந்தாலும் சொன்னேன். நல்ல கனமான எஃகுப் பட்டை, கடையில் வாங்கிய புது டயல்கள். முகம் தெரிகிற அளவுக்கு மெருகு போட்டேன்.

"எனக்கு ஒன்னு இருக்கேங்க. இன்னொன்னு எதுக்கு?" என்றாள்.

"ரெண்டு இருந்தா நல்லதுதானே" என்றேன்.

செய்து முடித்ததும் எழுத்து ஆணியை எடுத்துக் கே, எம் என்று அடித்தேன். எங்கள் தெருவில் கருவிகளுக்குக் கால் உண்டு. காலையில் இரவல் போன ஸ்பேனர் சாயங்காலம் மூன்றாவது கடையில் இருக்கும். அதனால் ஆளாளுக்குத் தங்கள் பெயரின் எழுத்தைக் கருவியில் அடித்து வைப்போம். எங்கள் பட்டறையில் எதைத் தொட்டாலும் கே.எம்.தான். குமரன், அப்பா முனியாண்டி. சோற்றுத் தூக்கில்கூட அடித்திருக்கிறேன்.

பிறகு அதை எங்கள் மெஷினில் மாட்டினேன். அந்தத் தலையைப் பிடித்தவன் நான். அதில் யார் சந்தேகப்படுவது? இரண்டு டயலையும் மேசையின் இரு பக்கமும் ஒரே நேரத்தில் இறக்கி, இரண்டையும் ஒன்றாகப் பூஜ்ஜியம் ஆக்கினேன். ஒரு வாய் கோப்பி குடிக்கிற நேரத்தில் வேலை முடிந்தது. பூங்கொடி எதற்கு அதை அவ்வளவு சுற்றி வளைத்துச் செய்தாள் என்றுகூட நினைத்தேன்.

பாய்ப் பின்னல்

அந்த நேரத்தில் ஆ ஹோக் பெரிய மில்லிங் மெஷின் ஒன்றை எங்கிருந்தோ வாங்கி இறக்கியிருந்தார். மீ என்கிற நூடுல்ஸ் செய்யும் தொழிற்சாலை ஒன்றுக்கு மாவு உருட்டுகிற மெஷினின் தகடுகள் சீவ வேண்டும். லோரியில் ஆடி ஆடி வந்த மெஷின், தலை நிச்சயம் சாய்ந்திருக்கும்.

ஒரு நாள் காலையில் செருப்புச் சத்தம் எங்கள் வாசலுக்கு வந்தது. நான் கோப்பிக் குவளையை மெதுவாகக் கீழே வைத்தேன். கையைத் துடைக்கத் துணியை எடுத்தேன்.

"மிசஸ் ஆடா?" என்றார் ஆ ஹோக். உன் மனைவி இருக்கிறாளா என்று கேட்கிறார், என்னிடம்.

இத்தனை வருடத்தில் அந்த வாசலில் யாரும் வேறு பெயரைச் சொல்லிக் கூப்பிட்டதில்லை. எனக்குக் காது சூடாகிவிட்டது. ஆடா, ஆடா என்றேன். என் எஃகுக் கேஜைத் தூக்கிக்கொண்டு அவருக்கு முன்னால் நானே நடந்தேன். பூங்கொடி தன்னுடையதைத் துண்டில் சுற்றி எடுத்துக்கொண்டு பின்னால் வந்தாள். வேடிக்கை எதையும் விடாத சவரிமுத்து, வெல்டிங் கண்ணாடியை நெற்றியில் ஏற்றிக்கொண்டு அவளுக்குப் பின்னால் வந்தான்.

என் கேஜை மாட்டி, தட்டிக் கொட்டி, இரண்டு முள்ளும் பூஜ்ஜியத்தில் நிற்கிற வரை தலையைச் சரிசெய்தேன். கழுத்தை வளைக்காமல் செய்தது எனக்கே சுகமாகத்தான் இருந்தது. முடித்துவிட்டுத் தள்ளி நின்றேன்.

மிசஸும் ஒரு தடவை பார்க்கட்டுமே என்றார் ஆ ஹோக்.

அவள் மாட்டினாள். ஒரு முள் இந்தப் பக்கம் போனது, மற்றது அந்தப் பக்கம் போனது. அலுமினியம் வெயிலுக்கு நீளும், அதை நம்ப முடியாது என்றேன் நான். சவரிமுத்து வாயைக் கையால் மூடிக்கொண்டான்.

ஆ ஹோக் வியாபாரி. புருஷன் பெண்டாட்டி விவகாரத்தில் வாயைக் கொடுக்கமாட்டார். ஒரு தகட்டைக் கட்டிச் சீவிப் பார்த்துவிடலாம் என்றார்.

இதுதான் கடைசித் தீர்ப்பு, இதற்கு மேல் அப்பீல் கிடையாது. தலை நேராக இருந்தால், அகலமான கத்தியின் முன்பக்கம் போகும்போது ஒரு வளைவுக் கோடு போடும், பின்பக்கம் வரும்போது அதன் குறுக்கே இன்னொரு கோடு போடும். இரண்டும் குறுக்கும் நெடுக்குமாக விழுந்து, பாய் முடைந்தது போல இருக்கும். தலை சாய்ந்திருந்தால் ஒரு பக்கத்துக் கோடுதான் விழும்.

என் கேஜ் பிடித்த தலை சீவியது. ஒரே பக்கத்துக் கோடு. ஆ ஹோக் நகத்தை ஓட்டினார். டிக், டிக் என்று தட்டியது.

பூங்கொடி தன் கேஜைப் பார்த்துத் தலையைச் சரிசெய்தாள். மறுபடி சீவினார்கள். ஊதிவிட்டுப் பார்த்தால் தகடு முழுவதும் பாய் விரித்திருந்தது. ஆ ஹோக் குனிந்து அதையே பார்த்துக்கொண்டிருந்தார். அவ்வளவு நேரம் பார்க்க அதில் என்ன இருக்கிறது? அவர் தலையில், கத்தியைக் குளிர்விக்கிற கூலன்ட் தண்ணீரைத் திறந்துவிடலாமா என்று எனக்குத் தோன்றியது.

அப்படிப்பட்ட பாய் என் கையிலும் எத்தனையோ தடவை விழுந்திருக்கிறது. ஆனால் ஒவ்வொன்றுக்கும் கழுத்தை அடகு வைத்திருக்கிறேன். அவள் முந்தானையைக்கூடச் சொருகாமல் செய்துவிட்டாள். நான் பொறாமைப்பட்டேன் என்று சொன்னால் போதாது. அந்தத் தகடு துருப்பிடித்துப் போகட்டும் என்று வேண்டிக்கொண்டேன்.

அவள் என் எஃகுக் கேஜை எடுத்து மறுபடி மாட்டினாள். முட்கள் ஆளுக்கொரு பக்கம் நின்றன. அரை வட்டம் திருப்பினாள். அதே மாதிரி நின்றன. எங்கே திருப்பினாலும் அதே அளவு வித்தியாசம். மெஷின் நேராக இருக்கிறது என்று பாயே சொல்லிவிட்டது. அப்படியானால் கோணல் கேஜில் இருக்கிறது.

என் பக்கத்தில் வந்து, மற்ற இருவருக்கும் கேட்காத குரலில் சொன்னாள். "ரெண்டையும் ஒரே இடத்திலே வெச்சு ஜீரோ பண்ணலையா? அப்போ நம்ம மெஷின் தலை சாஞ்சிருக்குங்க."

அந்தச் சனிக்கிழமைக்குப் பிறகு ஏதோ பாரமான வேலையில் எங்கள் தைவான்காரன் தலையைச் சாய்த்திருக்கிறான். நான் அந்தச் சாய்வையே நேர் என்று என் கேஜுக்குப் பாடம் சொல்லிக்கொடுத்து, அது இங்கே வந்து ஆ ஹோக் மெஷினுக்கும் அதையே ஒப்பித்திருக்கிறது.

கழுத்துக்காக

மத்தியானம் சவரிமுத்து என்னைத் தேடி வந்தான். நான் கழுத்துப் பட்டை கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். எலும்பு தேய்ந்திருக்கிறது என்று டாக்டர் கொடுத்த பட்டை. அதைச் சுட்டிக் காட்டி, இதுக்காகத்தானேண்ணே அக்கா செஞ்சிருக்காங்க, உங்க கழுத்து வலிக்குதுன்னு, இது புரியாம மூஞ்சியத் தூக்கி வெச்சிக்கிட்டிருக்கீங்களே லா என்றான்.

எனக்கு அது தோன்றவே இல்லை. தோன்றியதும் வயிறு குளிர்ந்துவிட்டது. அப்படியென்றால் அது போட்டி இல்லை. எனக்கு ரசம் வைப்பது போல, தைலம் தேய்ப்பது போல, அதுவும் ஒன்று. அதற்குப் பிறகு அன்று வந்த வாடிக்கையாளர்களிடம் நானே அந்தக் கேஜைக் காட்டினேன். என் கழுத்துக்காக வீட்டில் செய்து கொடுத்தது என்றேன். மிகவும் பெருந்தன்மையாக இருந்தேன்.

சாயங்காலம் பெரியில், அதாவது கடலைக் கடக்கும் படகில், வீடு திரும்பினோம். ஆயர் ஈத்தாமுக்கு மோட்டாரில் பாலம் சுற்றிப் போவதைவிட எங்களுக்குப் பெரிதான் பழக்கம். மோட்டாரை நிறுத்திவிட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றோம். அவள் மடியில் வைத்துக் கொண்டுவந்த துண்டுப் பொட்டலத்தை இப்போது இடுப்பில் அணைத்துக்கொண்டிருந்தாள்.

என் கழுத்துக்காக நீ இவ்வளவு பாடுபட்டிருக்கிறாய், நான்தான் புரிந்துகொள்ளவில்லை என்றேன்.

அவள் என்னைத் திரும்பிப் பார்த்தாள். "கழுத்துக்கா? கழுத்துக்குத் தைலம் இருக்கேங்க."

அவள் தண்ணீரைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். "இத்தனை வருஷமா அடுத்தவங்க செஞ்சதை அளந்து அளந்து, சரியில்ல, சரியில்லன்னு ஒதுக்கிக்கிட்டே இருந்தேன். நானா ஒன்னு செஞ்சு, அது சரியா இருக்கான்னு பாக்கணும்னு ஆசை. அவ்ளோதான். உங்களை நினைக்கவே இல்லீங்க."

கோபமாகச் சொல்லியிருந்தால் பதில் சொல்லியிருப்பேன். அவள் சாதாரணமாக, மீன் குழம்பில் புளி குறைவு என்பது போலச் சொன்னாள்.

காலையில் எரிந்தது ஆ ஹோக்குக்காக, வாசலுக்காக, பெயருக்காக. இப்போது எரிந்தது வேறு மாதிரி. அரத்தால் ராவிக்கொண்டு அவள் பாடியது நினைவுக்கு வந்தது. அது என்ன பாட்டு என்று நான் கவனிக்கவில்லை. அந்த வாரம் முழுவதும், என்னிடமிருந்து நாலடி தூரத்தில், நான் இல்லாத ஓர் இடத்தில் அவள் சந்தோஷமாக இருந்திருக்கிறாள். அந்த இடத்தின் மேல்தான் எனக்குப் பொறாமை. இன்றைக்கும் இருக்கிறது.

இரண்டு எழுத்து

அடுத்த வாரம் ஆ ஹோக் பூங்கொடியின் கேஜை இரவல் கேட்டார். இரவல் போக வேண்டுமென்றால் எழுத்து அடிக்க வேண்டும். எழுத்து ஆணிப் பெட்டியைக் கேட்டாள். நான் வழக்கம்போலக் கே ஆணியையும் எம் ஆணியையும் எடுத்து வெளியே வைத்தேன்.

அவள் அவை இரண்டையும் பெட்டியில் திரும்ப வைத்துவிட்டு, பியையும் ஆரையும் எடுத்தாள். பூங்கொடி, அப்பா ரெங்கசாமி. அவள் அடையாளக் கார்டிலும் அதுதான் இருக்கிறது. நம் நாட்டில் கல்யாணம் ஆனாலும் பெண்ணுக்கு அப்பா பெயர்தானே. கார்டில் எத்தனையோ தடவை பார்த்திருக்கிறேன், ஒன்றும் தோன்றியதில்லை. எங்கள் பட்டறையில், ஒரு கருவியின் மேல், என் எழுத்து இல்லாமல் பார்ப்பது அதுதான் முதல் தடவை.

பட்டையை வைஸில் வைத்து இறுக்கிக் கொடுத்தவன் நான்தான். அவள் ஆணியை வைத்துச் சுத்தியலால் ஓங்கி அடித்தாள். பி விழுந்தது. அடுத்து ஆர். கட்டை விரலால் துடைத்துவிட்டு, நன்றாக இருக்கிறதா என்று கேட்டாள். நன்றாக இருக்கிறது என்றேன்.

இப்போது அந்தக் கேஜ் தெரு முழுவதும் போய் வருகிறது. வாசலில் செருப்புச் சத்தம் கேட்டால் நான் கோப்பிக் குவளையைக் கீழே வைப்பதில்லை. என் எஃகுக் கேஜையும் ஒரே இடத்தில் வைத்துப் பூஜ்ஜியம் ஆக்கிவிட்டேன். அதுவும் பாய் போடுகிறது. பளபளவென்று ஆணியில் தொங்குகிறது, கேட்பார் இல்லை. அவளுடையது தினமும் துண்டில் சுற்றிக்கொண்டு எங்களோடு பெரி ஏறி வீட்டுக்கு வருகிறது. மோட்டாரில் எங்கள் இருவருக்கும் நடுவில்தான் அதற்கு இடம்.

ஆனால் ஒன்று. அந்தப் பி நேராக இல்லை. எழுத்து ஆணியைச் செங்குத்தாகப் பிடித்து அடிக்க வேண்டும், அவளுக்கு அது முதல் அடி. இடப்பக்கம் ஒரு முடி அளவு சாய்ந்துவிட்டது. வைஸுக்கு நேர் எதிரே நின்ற நான் அப்போதே பார்த்துவிட்டேன். தலை சாய்ந்தால் எனக்குத் தெரியும், அதற்கு எனக்கு டயல் வேண்டாம். மனசு எரிகிற நாளெல்லாம் துண்டை விலக்கி அந்தப் பியை ஒரு தடவை பார்த்துக்கொள்வேன். கொஞ்சம் ஆறும்.

அவளிடம் இதுவரை சொல்லவில்லை. ஞாயிற்றுக்கிழமை பத்திரிகை வந்தால் இந்தப் பக்கத்தை முதலில் படிப்பவள் அவள்தான். இந்நேரம் எழுந்து போய், கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, அந்தத் துண்டைப் பிரித்துக்கொண்டிருப்பாள்.